பத்து இரவு, எத்தனை டேபிள்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஆகஸ்டில் பாரிஸில் ஐந்து நாள், பார்சிலோனாவில் ஐந்து நாள் தங்கப் போகிறோம். நான்கு பேர். அம்மா சைவம். பத்து இரவுக்கும் இப்போதே உணவகங்களில் டேபிள் பதிவு செய்துவிட வேண்டும் என்கிறார் கணவர். சுற்றிக் களைத்த இடத்தில் கண்ணில் படும் கடைக்குள் நுழைந்து சாப்பிடலாம் என்பது என் கட்சி. எது சரி?

ர.

அன்புள்ள ர.,

பத்தில் மூன்றைப் பதிவு செய்யுங்கள். அதற்கு மேல் வேண்டாம். அந்த மூன்றை விட்டுவிடவும் வேண்டாம்.

எந்த மூன்று? இடம் கிடைக்காவிட்டால் அடுத்த தெருவில் அதே மாதிரி இன்னொன்று இருக்கும் என்றால் பதிவே தேவையில்லை. பார்சிலோனாவின் தாபாஸ் (சிறு சிறு தட்டுகளில் தரும் நொறுக்குணவு) கடைகளில் பல, பதிவு வாங்குவதே இல்லை. இருபது முப்பது இருக்கை மட்டும் உள்ள இடம், மிஷெலின் உணவக வழிகாட்டியின் நட்சத்திரம் பெற்ற இடம், எங்கானாலும் வெள்ளி, சனி இரவு, இவற்றுக்கெல்லாம் சொல்லாமல் போய் நிற்பது வீண். நீங்கள் நால்வர் என்பதையும் கணக்கில் எடுங்கள். இருவருக்கு ஓரத்திலோ கவுண்டரிலோ இடம் கொடுத்துவிடுவார்கள். நால்வருக்கு இரண்டு மேசை ஒரே நேரத்தில் காலியாக வேண்டும்.

போய்ச் சேரும் இரவு கண்டிப்பாக வேண்டாம். விமானம் தாமதமாகும், தூக்கம் கண்ணைச் சுழற்றும். பாரிஸிலிருந்து பார்சிலோனாவுக்கு ரயில் என்றால் ஏறக்குறைய ஏழு மணி நேரம். அந்த இரவையும் விட்டுவிடுங்கள்.

உங்கள் பயணத்தில் பெரிய சிக்கல் ஆகஸ்ட் மாதம்தான். பாரிஸின் நல்ல சிறு உணவகங்கள் பல அந்த மாதத்தில் இரண்டு மூன்று வாரம் மூடிவிட்டு விடுமுறைக்குப் போய்விடும். மற்ற மாதங்களிலும் ஞாயிறு, திங்கள் மூடும் கடைகள் நிறைய. ஆகஸ்ட் 15 இரண்டு நாட்டிலும் பொது விடுமுறை. கூகுள் மேப் ‘திறந்திருக்கிறது’ என்று காட்டுவதை மட்டும் நம்ப வேண்டாம். உணவகத்தின் சொந்தத் தளத்தையோ இன்ஸ்டாகிராம் பக்கத்தையோ பாருங்கள். விடுமுறை அறிவிப்பு அங்கேதான் முதலில் வரும். பதிவுப் பக்கத்தில் ஒரு வாரம் முழுக்க ஒரு இடம்கூட இல்லை என்றால், நிரம்பிவிட்டது என்று நினைக்காதீர்கள். பெரும்பாலும் கடையே மூடியிருக்கும்.

நேரமும் மாறும். பிரான்சில் மதியச் சாப்பாடு 12 முதல் 2 மணி வரை, இரவுக்கு 7 அல்லது 7.30க்குத்தான் அடுப்பு பற்றும். ஸ்பெயினில் மதியமே 1.30க்குத் தொடங்கும், இரவு 8.30 அல்லது 9 ஆகும். அம்மா சீக்கிரம் சாப்பிட்டுப் படுப்பவர் என்றால் பார்சிலோனாவில் நல்ல சாப்பாட்டை மதியத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். வார நாட்களில் ‘மெனு தெல் தியா’ என்று ஒரே விலையில் இரண்டு சுற்றும் இனிப்பும் தருவார்கள். டேபிளும் எளிதாகக் கிடைக்கும்.

இனி பதிவு. பெயர்பெற்ற இடங்கள் 30, 60 அல்லது 90 நாளுக்கு முன்பு, குறிப்பிட்ட மணிக்குத் திறக்கும். அது அந்த ஊர் மணி. ஐரோப்பாவில் மார்ச், அக்டோபர் கடைசி ஞாயிறுகளில் கடிகாரம் ஒரு மணி நேரம் மாறும் என்பதால் மனக்கணக்கு வேண்டாம். போனின் உலகக் கடிகாரத்தில் பாரிஸைச் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டு நாட்டுக்கும் தி ஃபோர்க் என்ற டேபிள் பதிவுச் செயலி உதவும். கணக்கு தொடங்குவதை முந்தின நாளே முடித்துவிடுங்கள்.

பலர் தடுக்கி விழும் இடம் கார்டு. டேபிளைப் பிடித்து வைக்க கார்டு எண் கேட்பார்கள். சில இடங்கள் முன்பணமே எடுக்கும். கார்டில் வெளிநாட்டு ஆன்லைன் பரிவர்த்தனை திறந்திருக்க வேண்டும். ஓடிபி உங்கள் பழைய சிம்முக்குத்தான் வரும். அங்கே போய் சிம்மைக் கழற்றிய பிறகு பதிவு செய்ய உட்கார்ந்தால் ஓடிபி வராது, அதற்குள் டேபிள் போய்விடும். கிளம்பும் முன்பே முடியுங்கள், அல்லது பழைய சிம்மில் ரோமிங் வைத்திருங்கள். இன்னொன்று: பல இடங்கள் முந்தின நாள் ‘வருகிறீர்களா’ என்று மின்னஞ்சலோ குறுஞ்செய்தியோ அனுப்பும். பதில் இல்லை என்றால் டேபிளை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். தினமும் பார்க்கும் மின்னஞ்சலையே கொடுங்கள். போன் எண்ணை நாட்டுக் குறியீட்டோடு கொடுங்கள்.

நிரம்பிவிட்டது என்றால் காத்திருப்புப் பட்டியலில் சேருங்கள். ரத்து செய்யும் கெடு பெரும்பாலும் 24 அல்லது 48 மணி நேரம். அதைத் தாண்டினால் தலைக்கு இவ்வளவு என்று பணம் எடுப்பார்கள் என்பதால், வேண்டாதவர்கள் கெடுவுக்குச் சற்று முன்பு கைவிடுவார்கள். அந்த நேரத்தில் செயலியைத் திறந்து பாருங்கள்.

ஒரே இரவுக்கு இரண்டு இடத்தில் பதிவு செய்துவிட்டு அன்று மனசுப்படி ஒன்றுக்குப் போவதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். இருபது இருக்கை உள்ள கடையில் நால்வர் வராவிட்டால் அந்த இரவின் ஐந்தில் ஒரு பங்கு வருமானம் போயிற்று. காலையில் வாங்கிய மீனும் காய்கறியும் கிடக்கும். உழைப்பவர்களுக்கு அது பெரிய அநியாயம்.

அம்மாவுக்காகப் பதிவிலேயே ஒரு குறிப்பு எழுதுங்கள். ‘சைவம்’ என்ற ஒற்றைச் சொல் போதாது. இறைச்சி வேண்டாம், மீன் வேண்டாம், அவற்றை வேகவைத்த சாறும் வேண்டாம், முட்டையும் பாலும் ஆகுமா ஆகாதா என்று பிரித்து எழுதுங்கள். பிரான்சின் வெங்காய சூப் பெரும்பாலும் மாட்டெலும்புச் சாற்றில் செய்வது. ஸ்பெயினில் கலவை சாலட் கேட்டால் மேலே டூனா மீன் வரும். ஒரே மெனு பரிமாறும் இடங்களில் அன்றைக்குப் போய்ச் சொன்னால் மாற்ற முடியாது.

தாமதமானால் கால் மணி நேரம் வரைதான் பெரும்பாலும் காத்திருப்பார்கள். மூன்று உணவகங்களின் தொலைபேசி எண்ணையும் போனில் ஏற்றிக்கொண்டு கிளம்புங்கள். பத்து நிமிடம் தள்ளிப்போகும் என்று தெரிந்த உடனே கூப்பிட்டுச் சொல்லிவிடுங்கள்.