பட்டா உள்ளவருக்கு ஆறாயிரம், பால் ஊற்றுபவருக்கு?

வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: எனக்குச் சொந்த நிலம் கிடையாது. இரண்டு கலப்பினக் கறவை மாடுகளை வைத்து ஊர்ப் பால் சொசைட்டியில் பால் ஊற்றி வருகிறேன். எங்கள் தெருவில் நிலம் வைத்திருக்கும் வீடுகளுக்கு ஆண்டுக்கு ஆறாயிரம் ரூபாய் வருகிறது. அவர்களில் சிலர் நிலத்தை உழுதே பல வருடங்கள் ஆகின்றன. எனக்கு மட்டும் இல்லை என்பது நியாயம்தானா? (வாசகி, பள்ளத்தூர்)

பதில்: நியாயமில்லை, அம்மா. ஆனால் அது எந்த அதிகாரியின் ஓரவஞ்சனையாலும் நேர்ந்ததன்று. திட்டத்தின் அடித்தளமே அப்படித்தான் போடப்பட்டிருக்கிறது. 2019 பிப்ரவரியில் தொடங்கப்பட்ட பி.எம். கிசான் திட்டம், சாகுபடிக்குரிய நிலம் தம் பெயரில் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாயை மூன்று தவணைகளாக வங்கிக் கணக்கில் செலுத்துகிறது. முதலில் 2 ஹெக்டேர், அதாவது ஏறத்தாழ 5 ஏக்கர் வரை நிலம் உள்ளவர்களுக்கு என்றிருந்த வரம்பையும் அதே ஆண்டில் எடுத்துவிட்டார்கள். நாடு முழுவதும் விரைவாகப் பணம் செலுத்துவதற்கு அரசின் கையில் ஆயத்தமாக இருந்த பட்டியல் நிலப் பதிவேடு ஒன்றுதான். அந்தப் பதிவேட்டில் நிலத்தின் சொந்தக்காரர் இருக்கிறார். அதைக் குத்தகைக்கு உழுபவர் இல்லை, மாடு வளர்ப்பவரும் இல்லை.

உங்களுக்கு மாநில அரசு எதுவுமே தரவில்லை என்றும் சொல்லிவிட முடியாது. 2023 டிசம்பர் 18 முதல் ஆவின் சங்கங்களில் ஊற்றப்படும் பாலுக்கு லிட்டருக்கு 3 ரூபாய் ஊக்கத்தொகை அறிவிக்கப்பட்டது. உங்கள் சொசைட்டி ஆவினைச் சேர்ந்தது என்றே வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். நாள் ஒன்றுக்கு 8 லிட்டர் வீதம் 250 நாள் ஊற்றினால் 2,000 லிட்டர்; அதற்கு ஊக்கத்தொகை 6,000 ரூபாய். பக்கத்து வீட்டுக்காரர் உழாமல் கருவேலங்காடாகிவிட்ட தம் நிலத்தைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் பெறும் அதே தொகையை, நீங்கள் விடியற்காலையில் எழுந்து பால் கறந்து, கொழுப்பும் பிற சத்தும் அளந்து பார்க்கப்படுகிற அந்த வரிசையில் நின்று, இரண்டாயிரம் லிட்டரை ஊற்றி முடித்த பிறகே பெறுகிறீர்கள். மாடு வற்றிவிட்ட மாதங்களில் தீவனச் செலவு நிற்பதில்லை, ஊக்கத்தொகை நின்றுவிடுகிறது. தனியார் பால் வண்டிக்கு ஊற்றுபவருக்கோ அதுவும் கிடையாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நெல்லோ கடலையோ விற்று வரும் பணம் வேளாண் வருமானம். அதற்கு வருமான வரி இல்லை. பால் விற்று வருவதை வருமான வரிச் சட்டம் வேளாண் வருமானமாகக் கொள்வதில்லை, தொழில் வருமானமாகவே கொள்கிறது. இரண்டு மாட்டுக்காரர் வரி வரம்புக்குப் பக்கத்தில்கூட வரப்போவதில்லை என்பதால் யாரும் இதைப் பொருட்படுத்துவதில்லை. இருந்தாலும் மாடு வளர்ப்பவரை ‘விவசாயி’ என்ற சொல்லுக்கு வெளியே நிறுத்தும் வழக்கம் எவ்வளவு ஆழமாக வேரூன்றியிருக்கிறது என்பது இதிலிருந்து தெரிகிறது.

கேள்வி: தேவகோட்டை அருகே எங்கள் குடும்பத்துக்கு மூன்று ஏக்கர் இருக்கிறது. நாங்கள் சென்னையில் குடியிருக்கிறோம். நிலம் தரிசு, ஊர்க்காரர்களின் மாடுகள்தான் அதில் மேய்கின்றன. உதவித்தொகையை வாங்குவது எனக்கு உறுத்தலாக இருக்கிறது. (வாசகர், சென்னை)

பதில்: உறுத்துகிறது என்று எழுதியதற்கே உங்களைப் பாராட்ட வேண்டும், ஐயா. முதலில் விதியைப் பாருங்கள். கணவன், மனைவி, வயது வராத பிள்ளைகள் ஆகியோரே இத்திட்டத்தில் ஒரு குடும்பம். அக்குடும்பத்தில் யாராவது கடந்த ஆண்டு வருமான வரி செலுத்தியிருந்தாலோ, தொழில் புரியும் மருத்துவராகவோ வழக்கறிஞராகவோ பட்டயக் கணக்காளராகவோ இருந்தாலோ, கடைநிலை ஊழியராக அல்லாமல் ஓய்வுபெற்று மாதம் 10,000 ரூபாய் அல்லது அதற்கு மேல் ஓய்வூதியம் பெற்றாலோ இத்தொகைக்கு உரிமை இல்லை; வாங்கியதைத் திருப்பிச் செலுத்தவும் நேரிடும். விதிப்படி உரிமை இருந்தும் மனம் ஒப்பவில்லையென்றால், திட்டத்தின் இணையதளத்திலேயே தாமாக விட்டுக்கொடுக்கும் வசதி இருக்கிறது. ஆனால் நீங்கள் விட்டுக்கொடுக்கும் தொகை உங்கள் நிலத்தில் மேயும் மாட்டின் சொந்தக்காரருக்குப் போய்ச் சேராது. அவருக்கு உதவ விரும்பினால், தரிசில் மண்டிய சீமைக் கருவேலத்தை வெட்டிப் புல் முளைக்க விடுங்கள். பங்குனி, சித்திரையில் அவருக்கு அதுவே ஆறாயிரத்தைவிடப் பெரிய உதவி.

கேள்வி: பட்டா இல்லாமல் கிசான் கடன் அட்டை கிடைக்குமா? (வாசகர், புதுவயல்)

பதில்: கிடைக்கும். விவசாயிகளுக்குக் குறைந்த வட்டியில் வங்கிக் கடன் தரும் இந்த அட்டை, 2018–19 நிதிநிலை அறிக்கை முதல் கால்நடை வளர்ப்போருக்கும் மீனவர்களுக்கும் விரிவாக்கப்பட்டுள்ளது. சொந்தக் கொட்டகையோ வாடகைக் கொட்டகையோ இருந்தால் போதும். 2 லட்சம் ரூபாய் வரை 7 விழுக்காடு வட்டி, தவணை தவறாமல் கட்டினால் 4 விழுக்காடு. வங்கியில் பட்டா கேட்டால் இது பயிர்க்கடன் அன்று என்பதை எடுத்துச் சொல்லுங்கள். ஆனால் கடன் வேறு, உதவித்தொகை வேறு; இதைக் காட்டி ‘மாட்டுக்காரருக்கும் கொடுத்துவிட்டோம்’ என்று கணக்கு முடிப்பதை ஏற்க முடியாது.

கேள்வி: வெளிநாடுகளில் மாட்டுப் பண்ணையாளர்களுக்கு அள்ளிக் கொடுக்கிறார்கள் என்கிறார்களே, அங்கே நியாயமாகத்தான் நடக்கிறதா? (மாணவி, காரைக்குடி)

பதில்: தொகை பெரியது என்பது உண்மை, பங்கீட்டில் அங்கும் இதே வழக்குதான். ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒரு காலத்தில் இறைச்சி மாடுகளுக்குத் தலைக்கு இவ்வளவு என்று கொடுத்தார்கள். 2003ஆம் ஆண்டுச் சீர்திருத்தம் அத்தொகையைப் பெருமளவுக்கு மாட்டெண்ணிக்கையிலிருந்து பிரித்தது; பல நாடுகளில் 2000 முதல் 2002 வரை ஒருவர் பெற்றதை அடிப்படையாக வைத்து உரிமைத்தொகையை வகுத்தார்கள். அந்த மூன்றாண்டில் பெரிய பண்ணை வைத்திருந்தவர் பின்னர் மாடுகளைக் குறைத்துக்கொண்டாலும் பெரிய தொகையே பெற்றார். அதற்குப் பிறகு தொழிலுக்கு வந்த இளையவருக்குச் சிரமந்தான். ஏக்கர் அளவில் கொடுத்தால் ஏக்கர் அதிகம் உள்ளவருக்கே அதிகம் போகும் என்ற குறை அங்கும் ஓயவில்லை.

காப்பீடு போன்ற அமெரிக்க முறை ஒன்று எனக்குப் பிடித்திருக்கிறது. 2018 வேளாண் சட்டத்தின்படி, பால் விலைக்கும் தீவன விலைக்கும் உள்ள இடைவெளி, பண்ணையாளர் தேர்ந்தெடுத்துக் கட்டணம் செலுத்திய அளவுக்குக் கீழே சுருங்கும் மாதத்தில் அரசு ஈடு செய்கிறது; முதல் குறிப்பிட்ட அளவு பாலுக்குக் கட்டணமும் குறைவு என்பதால் சிறு பண்ணைக்கு அனுகூலம். புண்ணாக்கும் வைக்கோலும் விலையேறிய பிறகும் பால் விலை அசையாமல் நிற்கும் நம் ஊருக்கு, ஆண்டு முழுவதும் ஒரே தொகை என்பதைக் காட்டிலும் இந்த ஏற்பாடு பொருந்தும்.

நம் நாட்டிலேயே முன்மாதிரி இல்லாமலில்லை. ஒடிசா அரசு 2018 இறுதியில் அறிவித்த காலியா திட்டம், நிலமற்ற வேளாண் குடும்பங்களுக்கு ஆடு, கோழி வளர்ப்பு போன்றவற்றுக்காக 12,500 ரூபாய் என்று தனியே ஒதுக்கியது.

கேள்வி: நாங்கள் பரம்பரையாகப் புலிக்குளம் கிடை மாடு வைத்திருப்பவர்கள். பால் விற்பதில்லை, உரத்துக்காக இரவில் மந்தையை வயலில் தங்கவைத்துக் கிடை போட்டுத்தான் பிழைப்பு. நீங்கள் சொல்லும் பால் கணக்கில் நாங்கள் எங்கே வருகிறோம்? (வாசகர், சிங்கம்புணரி)

பதில்: வரவில்லை, ஐயா, பால் கணக்கின் குறை அதுதான். லிட்டருக்கு இவ்வளவு என்றால் கலப்பின மாட்டுக்காரர் பயன் பெறுவார். சிராவயலிலும் கண்டிப்பட்டியிலும் மஞ்சுவிரட்டுக்குக் கூட்டம் கூடும்போது எல்லாரும் புகழ்கிற நாட்டு மாட்டினத்தைக் காக்கும் நீங்கள், நிலப் பதிவேட்டிலும் இல்லை, பால் ஏட்டிலும் இல்லை. அறுவடை முடிந்த வயலில் ஓரிரவு கிடை போட்டால் அவ்வயலுக்கு உரம் கிடைக்கிறது. அந்த வயல்காரருக்கு ஆறாயிரம் போகிறது, உங்களுக்குக் கிடைக்கூலி மட்டுமே.

உங்கள் மாடுகளையும் எண்ணக்கூடிய பதிவு ஒன்று இப்போது இருக்கிறது. கோமாரி நோய்த் தடுப்பூசி போடும்போது காதில் மாட்டப்படும் 12 இலக்க எண் கொண்ட தோடு, மாட்டையும் உரிமையாளரையும் சேர்த்தே பதிவு செய்கிறது. நிலப் பதிவேட்டைப் போல இதையும் உதவித்தொகைக்கு அடிப்படையாக்கலாம். ஆனால் குடும்பத்துக்கு இத்தனை மாடு வரை என்று உச்சவரம்பு வைக்காவிட்டால் ஐரோப்பாவின் கதையே இங்கும் நடக்கும். அந்த வரம்பைக் கறவை மாட்டுக்கு ஒன்றாகவும் கிடை மாட்டுக்கு வேறாகவும் வைக்க வேண்டும், ஏனெனில் ஐந்து மாடு வைத்துக் கிடை போட முடியாது. உங்கள் மந்தையில் தோடு போடாத மாடுகள் இருந்தால், அடுத்த தடுப்பூசி முகாமிலேயே போட்டுவிடுங்கள்.