'டிக்கெட்' என்ற ஒரே சொல்லுக்கு ஸ்பானிஷில் எதைப் போடுவது?

கேள்வி: குருகிராமில் ஒரு டிராவல் கம்பெனியில் வாடிக்கையாளர் சேவையில் இருக்கிறேன். வீடு டெல்லி ஆர்.கே.புரம். ஸ்பெயின், மெக்சிகோ இரண்டு நாட்டுக்காரர்களுக்கும் மெயில் எழுத வேண்டும். அகராதியில் 'டிக்கெட்' என்று தேடினால் நாலைந்து சொல் வருகிறது. முதலில் வரும் 'பியேத்தே'யையே எல்லா இடத்திலும் போடுகிறேன். 'உங்கள் பியேத்தேயைப் படம் எடுத்து அனுப்புங்கள்' என்று எழுதினால், ரூபாய் நோட்டு மாதிரி ஏதோ கேட்கிறேன் என்று ஒரு மெக்சிகோக்காரர் குழம்பிப்போனார். எதை எங்கே போடுவது என்று எப்படி முடிவு செய்வது?

பதில்: அவர் குழம்பியதில் நியாயம் இருக்கிறது. மெக்சிகோவில் 'பியேத்தே' என்றதும் முதலில் நினைவுக்கு வருவது பணத்தாள்தான். விமான டிக்கெட்டை அங்கே 'போலேத்தோ' என்பார்கள். ஸ்பெயினில் ரயிலுக்கும் விமானத்துக்கும் 'பியேத்தே' சரி; ஆனால் சினிமாவுக்கும் கால்பந்துக்கும் 'என்த்ராதா'. அர்ஜென்டினாவில் பயண டிக்கெட் 'பசாஹே', கொலம்பியாவில் 'திகேத்தே'. டிராஃபிக் போலீஸ் போடும் அபராதத்துக்கு 'முல்தா' என்றால் எந்த நாட்டிலும் புரியும்.

உங்கள் சாஃப்ட்வேரில் திறக்கும் புகார் டிக்கெட் வேறு கதை. அதற்கு 'காசோ' என்று எழுதினால் எங்கும் புரியும்; ஸ்பெயினில் 'இன்சிதென்சியா'வும் சகஜம். 'திக்கெத்' என்றே எழுதிவிடலாமே என்று தோன்றும். கடையில் தரும் பில்லுக்கும் ஸ்பெயின், மெக்சிகோ இரண்டிலும் அந்தப் பெயர் உண்டு என்பதால், வாடிக்கையாளருக்குப் போகும் மெயிலில் அதைத் தவிர்ப்பது நல்லது.

ஆங்கிலச் சொல்லைக் கையில் வைத்துக்கொண்டு தேடுவதுதான் சிக்கலே. தமிழில் சட்டையைப் போடுகிறோம், புடவையைக் கட்டுகிறோம், பூவை வைக்கிறோம். ஆங்கிலத்தில் மூன்றும் ஒரே வினை. தமிழ் கற்கும் ஒருவர் அந்த ஒரு வினைக்கு இணை தேடினால் புடவையைப் 'போட்டு'விடுவார். ஆகவே எழுதும் முன் அந்தப் பொருள் என்ன, யார் கையில் இருக்கிறது, அதை வைத்து என்ன செய்கிறார்கள் என்று தமிழிலேயே சொல்லிப் பாருங்கள். அதன் பிறகு அகராதிக்குப் போங்கள்.

'சார்ஜ்' என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். வாடிக்கையாளரிடம் பணம் வசூலிப்பது 'கோப்ரார்'. அதே தொகையை அவருடைய கார்டு கணக்கில் பற்று வைப்பது 'கர்கார்'. போனுக்கு சார்ஜ் போடுவதும் 'கர்கார்'தான். ஆக, ஆளைச் சொல்கிறீர்களா, கணக்கைச் சொல்கிறீர்களா என்பதைப் பொறுத்துச் சொல் மாறுகிறது. இரு மொழி அகராதி இதையெல்லாம் ஒரே வரியில் கமா போட்டு அடுக்கிவிடும்.

கிடைத்த சொல்லைத் திருப்பிச் சரிபார்க்காமல் அனுப்பாதீர்கள். ஸ்பானிஷ்–ஸ்பானிஷ் அகராதியில் அதைத் தேடி, விளக்கம் உங்கள் பொருளோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஸ்பானிஷ் மொழிக்கான ஸ்பெயின் நாட்டுக் கழகமான ரியல் அகாதெமியா எஸ்பன்யோலாவின் அகராதி இணையத்தில் இலவசம். எந்தப் பொருள் எந்த நாட்டு வழக்கு என்பதை நாட்டின் பெயரைச் சுருக்கி அதில் குறித்திருப்பார்கள். லத்தீன் அமெரிக்க வழக்குகளுக்கென்றே 2010இல் தனி அகராதியும் வந்திருக்கிறது. பிறகு அந்த நாட்டு விமான நிறுவனத்தின் தளத்தில் முன்பதிவுப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். அன்றாடம் புழங்கும் சொல் அங்கே இருக்கும். டெல்லியிலேயே இருக்கிறீர்கள், ஹனுமான் ரோட்டில் உள்ள ஸ்பெயின் அரசின் மொழி, கலாச்சார மையமான இன்ஸ்டிட்யூட்டோ செர்வான்டஸின் நூலகத்தையும் பயன்படுத்திக்கொள்ளலாம்.

உங்கள் தொழிலில் இரண்டு சொற்களில் கூடுதல் கவனம் வேண்டும். ரயில் பிடிப்பதற்கு ஸ்பெயினில் 'கொஹேர்' என்பார்கள். மெக்சிகோவிலும் அர்ஜென்டினாவிலும் அது கொச்சையான பாலியல் சொல். 'தொமார்' என்று எழுதுங்கள், எங்கும் பிரச்சினை இல்லை. இன்னொன்று 'பில்'. சாப்பாட்டு பில் 'குவென்தா', மின்சார பில் 'ரெசீபோ'. மெக்சிகோக்காரர் 'ஃபக்தூரா' கேட்டால் அவருக்கு வேண்டியது சாதாரண ரசீது அல்ல, வரிக் கணக்கில் காட்டும் இன்வாய்ஸ். ஆகவே பணம் கட்டிய ரசீதை அனுப்பிவிட்டுப் புகாரை மூடிவிடாமல், அவருடைய ஆர்.எஃப்.சி. வரி எண்ணைக் கேட்டு வாங்கி உங்கள் அக்கவுண்ட்ஸ் பிரிவுக்கு அனுப்புங்கள்.