வளவு வெயிலில் விரலை நீட்டுங்கள்: நகப்பூச்சு கேள்வி பதில்

செட்டிநாட்டுப் பக்கமிருந்து இம்முறை வந்த கடிதங்கள் ஒரே பொருளைச் சுற்றி வருகின்றன: சிறு தயாரிப்பாளர்களின் ஹோலோ நெயில் பாலிஷ் (வெளிச்சம் பட்டால் வானவில் அடிக்கும் நகப்பூச்சு), அதிலும் அரக்கு, துரு, கடுகு போன்ற இலையுதிர்கால வண்ணங்கள். வாங்குவது எப்படி, பூசிக் காட்டுவது எப்படி, விமர்சனம் எழுதுவது எப்படி என்று கேட்டிருக்கிறார்கள். பூசிக் காட்டும் மாதிரிக்கு எல்லோரும் ஸ்வாட்ச் என்றே சொல்வதால் இங்கும் அப்படியே.

படத்தில் வானவில் கொட்டுகிறது. வாங்கிப் போட்டால் சாம்பல் பூத்த பழுப்பாகத்தான் இருக்கிறது. ஏமாந்துவிட்டேனா?
– வாசகி, காரைக்குடி

எந்த விளக்கின் கீழ் பார்த்தீர்கள்? டியூப்லைட் என்றால் பாட்டிலின் மேல் குற்றமில்லை. ஹோலோ பொடி என்பது மக்னீசியம் ஃப்ளோரைடு பூசிய நுண்ணிய அலுமினியச் செதில்கள். பெரும்பாலும் 14 முதல் 35 மைக்ரான் அளவு, அதாவது தலைமுடியின் தடிமனில் சுமார் பாதி அல்லது அதற்கும் கீழே. ஒவ்வொரு செதிலின் மேலும் வரிவரியாகப் பள்ளம் இருக்கும். சிடியின் அடிப்பக்கம் வானவில் அடிக்கிறதே, அதே வேலைதான் இங்கும் நடக்கிறது. வெளிச்சம் ஒரே புள்ளியிலிருந்து வந்தால் நிறங்கள் தனித்தனியாகப் பிரியும். நீண்ட டியூப்லைட்டிலிருந்தும் மேகம் மூடிய வானத்திலிருந்தும் பல கோணங்களில் வெளிச்சம் விழுவதால், பிரிந்த நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து மறுபடி வெள்ளையாகிவிடும்.

வீட்டு வளவில், அதாவது நடு முற்றத்தில், வெயில் இறங்கும் இடத்தில் கையை நீட்டிப் பாருங்கள். இரவில் போன் டார்ச் போதும். நகைக்கடைக் கூரையில் இருக்கும் சிறு விளக்குகளின் கீழ் இன்னும் பிரமாதமாகத் தெரியும். அங்கேயும் தெரியாவிட்டால்தான் புகார் எழுத வேண்டும்.

பாட்டிலில் ‘லீனியர்’ என்றிருந்தால் செதில்கள் நகத்தோடு ஒட்டிப் படுத்திருக்கும். நகத்தின் வளைவில் வானவில் ஒரு கோடாக ஓடும். ‘ஸ்கேட்டர்ட்’ என்றால் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பொறி பறக்கும். ஸ்கேட்டர்டை வாங்கிவிட்டு வானவில் கோடு எங்கே என்று தேடுகிறவர்களும் உண்டு. வாங்கும் முன் இந்த ஒரு சொல்லைப் பார்த்துவிடுங்கள்.

நமக்கு ஏது இலையுதிர்காலம்? ஐப்பசி என்றால் மழைதானே. இந்த வண்ணங்களில் எதை வாங்கலாம்?
– வாசகி, கானாடுகாத்தான்

காலம் அவர்களுடையது, நிறம் நம்முடையது. அமெரிக்காவின் ஐஎல்என்பி, சர்க் கலர்ஸ், கனடாவின் கிறிஸ்டீன் ரோட்டன்பர்க் 2019-ல் தொடங்கிய ஹோலோ டாக்கோ போன்ற நகப்பூச்சு நிறுவனங்கள் அந்த ஊர்களில் இலை பழுக்கும் நிறங்களைப் பார்த்து இந்த வரிசையைப் போடுகின்றன. 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற கண்டாங்கிச் சேலையை விரித்தால் அதே அரக்கும் கடுகு மஞ்சளும் செங்கல் சிவப்பும் கட்டம் கட்டமாகக் கிடக்கும்.

ஆனால் எல்லா நிறமும் ஹோலோவுக்குப் படியாது. பொடியின் சொந்த நிறம் வெள்ளி. அளவு கூடக்கூட நிறம் சாம்பலடிக்கும். வானவில் வேண்டுமென்றால் பொடி அதிகம் வேண்டும், நிறம் வேண்டுமென்றால் பொடி குறைய வேண்டும். இந்த இழுபறியை யார் நன்றாகச் சமாளிக்கிறாரோ அவர்தான் நல்ல தயாரிப்பாளர்.

செம்பும் வெங்கலமும் முதலிடம். இயல்பிலேயே உலோகச் சாயல் உள்ளவை என்பதால் வெள்ளி கலந்தது உறுத்தாது. கத்திரிப்பூவும் ஆழ்ந்த காப்பிப் பழுப்பும் அடுத்து. அடர்ந்த நிறத்தின் மேல் வானவில் எடுப்பாகத் தெரியும். அரக்கில்தான் ஏமாற்றம் அதிகம். பொடி கொஞ்சம் கூடிவிட்டால், பலமுறை வெளுத்த சேலை மாதிரி மங்கல் ரோஜாவாகிவிடும். கண்ணாடிபோல ஊடுருவித் தெரியும் சிவப்பில் பொடியைக் குறைத்துக் கலந்திருந்தால் மட்டும் அரக்கு அரக்காகவே நிற்கும். கடுகு மஞ்சள் இன்னும் சிக்கல்: மஞ்சளில் சாம்பல் சேர்ந்தால் கண்ணுக்குப் பச்சை தட்டும். புளி போட்டுத் தேய்க்காத பித்தளைச் செம்பை நினைத்துக்கொள்ளுங்கள். அதுவும் ஓர் அழகுதான், ஆனால் கடுகு என்று பெயர் வைத்து விற்கக் கூடாது.

இன்னொன்று: வெளிநாட்டுப் படங்கள் பெரும்பாலும் வெளிறிய விரல்களில் எடுத்தவை. மாநிறக் கையில் அதே துரு நிறம் ஒரு படி வெளிறித் தெரியும். பாசிப்பச்சை நம் தோலில் இன்னும் நன்றாக எடுபடும். இதனால்தான் நம் ஊர்க் கைகளில் எடுத்த ஸ்வாட்ச் வேண்டும் என்கிறோம்.

விமர்சனம் எழுதத் தொடங்கப் போகிறேன். ஸ்வாட்ச் போடும் முறையைப் படிப்படியாகச் சொல்ல முடியுமா?
– கல்லூரி மாணவி, தேவகோட்டை

குளித்த கையோடு உட்காராதீர்கள். தண்ணீரில் ஊறிய நகம் உப்பியிருக்கும். காய்ந்து சுருங்கும்போது பூச்சு விளிம்பில் விட்டுக்கொடுக்கும். அரை மணி நேரம் போகட்டும். பிறகு அசிடோன் (நெயில் பாலிஷ் ரிமூவரில் இருக்கும் கரைப்பான்) தொட்ட பஞ்சால் ஒவ்வொரு நகத்தையும் ஒருமுறை துடைத்து எண்ணெய்ப் பிசுக்கை எடுங்கள். தலைக்கு எண்ணெய் வைத்த நாளென்றால் இரண்டு முறை.

நகத்தில் நீளவாக்கில் வரி ஓடுகிறதா என்று பாருங்கள். மேடு பள்ளத்தின் மேல் செதில்கள் ஆளுக்கொரு பக்கம் சாய்ந்து படுத்தால் வானவில் கோடு உடைந்துவிடும். முட்டை வெள்ளைக்கரு சேர்த்த சுண்ணாம்பைப் பல பூச்சாக ஏற்றித் தேய்த்ததால்தான் செட்டிநாட்டு வீட்டுச் சுவர் முகம் பார்க்கும்படி மின்னுகிறது. நகத்திலும் தளம் வழவழப்பானால்தான் மேலே பூசியது மின்னும். வரியை அரம் போட்டுத் தேய்த்து நகத்தை மெலிய வைக்காமல், வரி நிரப்பும் பேஸ் கோட் (அடிப்பூச்சு) ஒன்று பூசி 5 நிமிடம் காய விடுங்கள்.

பாட்டிலைக் குலுக்காதீர்கள், குமிழி புகுந்துவிடும். ஹோலோ பொடி அடியில் வெள்ளியாகத் தங்குவது இயல்பு. பாட்டிலைக் கவிழ்த்துப் பிடித்து, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் ஒரு நிமிடம் உருட்டுங்கள். அடி தெளிந்த பிறகு திறங்கள்.

பிரஷ்ஷின் ஒரு பக்கத்தை வாய் விளிம்பில் வழித்துவிட்டு, மறுபக்கம் ஒரு சொட்டு நிற்கும்படி எடுங்கள். அதை நகத்தின் நடுவில், தோலுக்குச் சற்றுத் தள்ளி வைத்து, தோலைத் தொடாமல் பின்னுக்குத் தள்ளி, அப்படியே நுனிவரை ஒரே இழுப்பு. பிறகு இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று. மூன்றே இழுப்பு, மூன்றும் நீளவாக்கில். திட்டாகத் தெரிகிறதே என்று திரும்பத் திரும்பத் தடவினால், பாதி காய்ந்த படலம் பிரஷ்ஷோடு இழுபட்டு அந்த இடம் வழுக்கை விழும். ஹோலோவில் பாதிப் பேர் கெடுத்துக்கொள்வது இந்த இடத்தில்தான். முதல் கோட் திட்டாகத்தான் இருக்கும், இருக்கட்டும். 4 நிமிடம் கழித்து, சொட்டை இன்னும் கொஞ்சம் பெரிதாக எடுத்து, பிரஷ்ஷை அழுத்தாமல் மிதக்க விட்டு இரண்டாம் கோட். மூன்றாவது தேவைப்பட்டால் போடுங்கள், ஆனால் விமர்சனத்தில் ‘மூன்று கோட்’ என்று எழுதுங்கள். அதை மறைப்பதும் பொய்தான்.

நுனி விளிம்பிலும் ஓர் இழுப்பு இழுத்து மூடுங்கள். தோலில் பட்டதை, அசிடோனில் நனைத்து ஒற்றிய சிறு தட்டைப் பிரஷ்ஷால் எடுங்கள். ஆள்காட்டி, நடு விரல்களுக்கு மட்டும் டாப் கோட் (கடைசியாகப் பூசும் நிறமற்ற மேல்பூச்சு). மோதிர விரலும் சுண்டு விரலும் அப்படியே இருக்கட்டும். டாப் கோட் வானவில்லை அமுக்குகிறதா என்ற கேள்விக்கு ஒரே படத்தில் பதில் கிடைத்துவிடும்.

அதே கையோடு ஒரு பிளாஸ்டிக் ஸ்வாட்ச் குச்சியிலும் பூசி, பின்பக்கம் பெயர், கோட் எண்ணிக்கை, தேதி எழுதி வையுங்கள். ஆறு மாதம் கழித்து இன்னொரு துரு நிறம் வரும்போது ஒப்பிட இதுதான் சாட்சி.

போனில் எடுத்தால் பழுப்பு நிறம் சிவப்பாக விழுகிறது. வானவில்லும் வெறும் வெள்ளைப் புள்ளியாகிவிடுகிறது.
– வாசகி, பள்ளத்தூர்

தரையைப் பாருங்கள். ஆத்தங்குடிக் கல்லின் சிவப்பு மேலே தெறித்து நகத்தில் ஏறுகிறது. கைக்கு அடியிலும் பக்கத்திலும் வெள்ளைத் தாள் விரித்தாலே பாதி சரியாகும். வெள்ளைப் புள்ளி விழுவது வெளிச்சம் மிஞ்சுவதால். திரையில் நகத்தை அழுத்திப் பிடித்து ஃபோகஸைப் பூட்டி, வெளிச்சத்தை ஒரு படி இறக்குங்கள். முகம் அழகாக்கும் வசதிகளை அணைத்துவிடுங்கள்.

மூன்று படம் வேண்டும். முதலாவது நிழலில்: வளவைச் சுற்றியுள்ள தாழ்வாரத்தில், வானத்தைப் பார்த்தபடி. இரண்டாவது வெயிலில்: காலை 9 முதல் 10.30-க்குள், சூரியன் தோளுக்குப் பின்னால் இருக்க, கோடு நகத்தின் நடுவே ஓடும்வரை விரலைச் சாய்த்து. உச்சி வெயில் வேண்டாம். மூன்றாவது, வேண்டுமென்றே ஃபோகஸ் தவறியது. இது ஏமாற்று அல்ல. ஹோலோவை நம் இரண்டு கண்களும் இரண்டு கோணத்தில் பார்ப்பதால் ஒரே செதில் இடக்கண்ணுக்கு ஒரு நிறம், வலக்கண்ணுக்கு வேறு நிறம். கேமராவுக்கு ஒரே கண். படம் சற்று மங்கினால் பொறிகள் கலந்து நேரில் பார்ப்பதற்கு நெருக்கமாக வரும். ஆனால் முதல் படமாக நிழல் படத்தைத்தான் வையுங்கள். நாள் முழுக்க நாம் இருப்பது நிழலில். அங்கே மண்ணாகத் தெரியும் பாட்டிலை வெயில் படம் காப்பாற்றக் கூடாது.

பூசிய அரை மணியில் குமிழி குமிழியாகக் கிளம்புகிறது. மழை நாளிலோ வெள்ளைப் புகை படிந்ததுபோல் இருக்கிறது.
– வாசகி, கோட்டையூர்

இரண்டும் வெவ்வேறு வியாதி. குமிழிக்குக் காரணம் தலைக்கு மேல் சுழலும் ஃபேன். மேற்பரப்பு மட்டும் சட்டென்று காய்ந்து மூடிக்கொள்ள, உள்ளே அகப்பட்ட கரைப்பான் வெளியேற வழியில்லாமல் குமிழியாகிறது. கோடை நாளில் தடித்த கோட் போட்டாலும் இதே கதி. ஃபேனை நிறுத்தி, மெல்லிய கோட்களாகப் போடுங்கள். வெள்ளைப் புகைக்குக் காரணம் ஈரக்காற்று: கரைப்பான் ஆவியாகும்போது படலம் குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படிகிறது. மழை ஓயும்வரை காத்திருங்கள், அல்லது அறையைச் சாத்தி ஏசியைச் சிறிது நேரம் ஓட விட்டுப் பூசுங்கள்.

கெட்டியாகிவிட்ட பாட்டிலில் ரிமூவர் ஊற்றலாமா?
– வாசகி, புதுவயல்

கூடாது. அசிடோன் பாலிஷின் கட்டுமானத்தையே குலைத்துவிடும், செதில்கள் மிதக்க முடியாமல் அடியில் கட்டிக்கொள்ளும். பியூட்டைல் அசிட்டேட், எத்தில் அசிட்டேட் உள்ள நெயில் பாலிஷ் தின்னர் என்றே கேட்டு வாங்கி 2 அல்லது 3 சொட்டு விடுங்கள், உருட்டுங்கள், பத்து நிமிடம் பொறுத்துப் பாருங்கள். போதாவிட்டால் இன்னொரு சொட்டு.

சமையல் செய்கிற கை. மஞ்சள் கறை பிடிக்குமா? எத்தனை நாள் நிற்கும் என்று எழுதுவது எப்படி?
– இல்லத்தரசி, காரைக்குடி

அரக்கிலும் பழுப்பிலும் மஞ்சள் கறை கண்ணுக்குத் தெரியாது. வெளிறிய நிறங்களிலும் நிறமற்ற டாப் கோட்டிலும்தான் ஏறும். ஏறினாலும் கொஞ்ச நேரம் வெயில் படட்டும், மஞ்சளின் நிறம் வெயிலில் மங்கிவிடும். நாள் கணக்கு எழுதும்போது செய்த வேலையையும் எழுதுங்கள். ‘ஐந்து நாள் நின்றது’ என்றால் ஒன்றும் புரியாது. ‘தினம் இரண்டு வேளை பாத்திரம், மூன்றாம் நாள் வலக்கை ஆள்காட்டி விரல் நுனியில் பெயர்ந்தது’ என்றால் படிப்பவர் தன் கையோடு ஒப்பிட்டுக்கொள்வார்.

இலவசமாக அனுப்பும் பாட்டிலுக்கு விமர்சனம் எழுதலாமா?
– அதே தேவகோட்டை மாணவி

எழுதலாம், இலவசம் என்று முதல் வரியிலேயே சொல்லிவிட்டு. சமூக ஊடகத்தில் எழுதுவோர் இதை வெளிப்படையாகக் குறிக்க வேண்டும் என்று இந்திய விளம்பரத் தர நிர்ணயக் கவுன்சில் 2021-லேயே நெறிமுறை வகுத்திருக்கிறது. நெயில் பாலிஷ் எளிதில் தீப்பற்றும் திரவம் என்பதையும் மறக்காதீர்கள். அனுப்புபவர் பொட்டலத்தில் என்ன என்பதை மறைக்காமல் எழுதி, தரைவழியாக அனுப்புவதுதான் முறை.

தீபாவளிக்கு மருதாணி வைக்கிறேன். அதன் மேல் ஹோலோ பூசலாமா?
– வாசகி, ஆத்தங்குடி

தாராளமாக. நகத்தில் ஏறிய மருதாணி நகம் வளர்ந்துதான் போகும். கைநகம் மாதத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர்தான் வளரும் என்பதால் அந்தச் சிவப்பு மாதக் கணக்கில் இருக்கும். அலுமினியச் செதில் ஒளியை மறைப்பதால் பொடி அதிகமுள்ள ஹோலோ இரண்டு கோட்டில் மூடிவிடும். ஊடுருவித் தெரியும் அரக்கு என்றால் மருதாணியும் கூடச் சேர்ந்து இன்னும் ஆழமாகும், அது லாபம். மருதாணி முதலில், பாலிஷ் மறுநாள். நிறம் பிடிக்கத் தடவிய நீலகிரித் தைலத்தை அசிடோனால் நன்றாகத் துடைக்காமல் பூசினால் விடியற்காலை எண்ணெய்க் குளியலிலேயே தோலாக உரிந்து வரும்.