மேடில்லாத ஊரில் மேடு ஏறிப் பழகுவது எப்படி?

கேள்வி: கல்லடியில் வசிக்கிறேன். கிழமைக்கு மூன்று நாள் கடற்கரை வீதியில் 5 கிலோமீற்றர் ஓடுகிறேன். இன்னும் இரண்டு மாதத்தில் நுவரெலியாவில் 10 கிலோமீற்றர் ஓட்டமொன்றில் சேர எண்ணம். மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் குளமும் மலையும் பார்த்தபடி ஓடக்கூடிய பாதைகள் எவை? எப்படிப் பழகுவது?

பதில்: இங்கே மலையைப் பார்த்துக்கொண்டு ஓடலாம், மலையில் ஏறி ஓடுவது கடினம். வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் தெரிவதெல்லாம் வயல் வட்டைகளுக்கு நடுவே தனித்தனியே எழும்பி நிற்கும் பாறைக்குன்றுகள். வீதி அவற்றைச் சுற்றிப் போகுமே தவிர ஏறாது. தாந்தாமலையில் ஏறலாம், ஆனால் அது முருகன் கோயில். சப்பாத்தோடு படியில் ஏறி இறங்கிப் பயிற்சி செய்யும் இடமல்ல. ஆகவே ஏற்றத்தைக் காற்றிலும் குளக்கட்டிலும் எடுத்துக்கொண்டு, இடையில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை அம்பாறைப் பக்கத்து இங்கினியாகலைக்குப் போய்வாருங்கள்.

முதலில் காற்று. வைகாசி தொடங்கி ஆவணி வரை பின்னேரங்களில் வீசும் கச்சான் என்னும் மேல்காற்று, ஒரு நல்ல ஏற்றத்துக்குச் சமம். 1924இல் திறந்த பழைய கல்லடிப் பாலத்தில் இப்போது வாகன நெருக்கடி இல்லை, இரு பக்கமும் வாவி திறந்து கிடப்பதால் காற்றுக்கு மறைப்பும் இல்லை. மாலை நாலரைக்குப் போனால் நடப்பவர்கள் கூடுமுன் முடித்துவிடலாம். கல்லடிப் பக்கமிருந்து நகரை நோக்கிக் காற்றுக்கு எதிரே ஒன்றரை நிமிடம் கடுமையாக ஓடுங்கள், நடந்து திரும்புங்கள். முதல் கிழமை ஐந்து தடவை, பிறகு கிழமைக்கு ஒன்றாகக் கூட்டி எட்டில் நிறுத்துங்கள். வேகத்தைப் பார்க்கவேண்டாம், மூச்சைப் பாருங்கள். மூன்று நான்கு சொல்லுக்கு மேல் சேர்த்துப் பேச முடியாத நிலைதான் சரியான அளவு.

அடுத்தது குளக்கட்டு. அழகுக்கு உன்னிச்சைக் குளமே முதலிடம். வலையிறவுப் பாலம் தாண்டி வவுணதீவு, ஆயித்தியமலை வழியாகப் போகலாம். அவ்வளவு தூரத்தையும் ஓடிப் போகாமல் மோட்டார் சைக்கிளில் போய், குளக்கட்டின் மேல் ஓடுங்கள். கட்டின் மேல் பகுதி மட்டமாக இருக்கும், 20 நிமிட இலேசான ஓட்டத்துக்கு அது போதும். ஏற்றத்துக்கு, வாகனம் கட்டுக்கு ஏறும் சரிவுப் பாதையைப் பிடியுங்கள். 20 முதல் 30 செக்கன் ஏறி ஓட்டம், நடந்து இறக்கம், எட்டுத் தடவை. புல் முளைத்த பக்கச்சரிவில் ஏறவேண்டாம். மண் கரைந்து கட்டு பழுதாகும், கணுக்காலும் பிரளும். கிரவல் பாதையில் சில்லு ஓடி இறுகிய தடத்தில் கால் வையுங்கள். நடுவில் சிறு கல் சேர்ந்து உருளும். மழைக்குப் பிறகு களி சப்பாத்தில் ஒட்டி ஒவ்வொரு காலும் பாரமாகும், அன்று கொங்கிறீற் வீதியே நல்லது. வான்கதவு திறந்திருக்கும் நாளில் வீதியை மூடி ஓடும் நீரைக் கடக்கக் கூடாது. முழங்காலளவு நீரோட்டமே ஆளைச் சாய்க்கும். முடிந்ததும் காலைக் குளத்தில் கழுவும் பழக்கமும் வேண்டாம், முதலை உள்ள குளங்கள் இவை.

நகருக்குக் கிட்ட வேண்டுமென்றால் ஆரையம்பதிப் பக்கம் மண்முனைப் பாலம் கடந்து மகிழடித்தீவு, கொக்கட்டிச்சோலைப் பக்கமாக ஓடலாம். தூரத்தை வைத்து ஓடாமல் நேரத்தை வைத்து ஓடுங்கள்: போக 25 நிமிடம், வர 25 நிமிடம். திரும்பும் நேரம் இரண்டு நிமிடத்துக்கு மேல் கூடினால் தொடக்கத்தில் வேகம் அதிகம் என்று பொருள்.

குடும்பிமலை கண்ணுக்கு விருந்துதான். ஆனால் மாரியில் கிரான் பக்கத்துப் பாதையில் வெள்ளம் ஏறி, புலிபாய்ந்தகல் பக்கம் தோணியில் போகும் நிலை வரும். வறண்ட மாதங்களில், துணையோடு மட்டும் போங்கள்.

இனி யானை. படுவான்கரையில் பாதையைத் தேர்வதைவிட நேரத்தைத் தேர்வதுதான் முக்கியம். சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கும் மாலை நேரம்தான் அங்கே மிக அழகு. யானை வெளியே வருவதும் அதே நேரத்தில்தான். அதனால் மாலை ஓட்டத்தை வாவிக்குக் கிழக்கே கடற்பக்கமுள்ள எழுவான்கரையிலும் நகர வாவிக்கரையிலும் வைத்துக்கொள்ளுங்கள். படுவான்கரைக்குக் காலை ஆறரைக்குப் பிறகு, வயலுக்குப் போகும் சைக்கிளும் உழவு இயந்திரமும் வீதியில் ஓடத் தொடங்கியபின் போய், எட்டரைக்குள் திரும்புங்கள். வெயிலும் அதற்குமேல் இடம் தராது. வெள்ளாமை கதிர் முற்றும் காலத்தில், பெரும்போகத்துக்குத் தை மாசி, சிறுபோகத்துக்கு ஆடி ஆவணி, இன்னும் கவனம் வேண்டும். ஈரம் காயாத யானை இலத்தி, புதிதாக முறிந்த கிளை, சரிந்த வேலிக்கட்டை, இவற்றில் ஒன்றைக் கண்டாலும் அன்றைய ஓட்டம் முடிந்தது, திரும்புங்கள். காதில் பாட்டுக் கருவி கூடாது. வயல் வாடியில் (காவல் குடிசையில்) இரவு காவலிருந்தவரிடம் “ராத்திரி ஆனை எந்தப் பக்கம்?” என்று ஒரு வார்த்தை கேளுங்கள்; அதைவிட நம்பகமான தகவல் இல்லை.

இங்கினியாகலை அம்பாறை நகரிலிருந்து ஏறக்குறைய 20 கிலோமீற்றர். கல்லோயா நீர்ப்பாசனத் திட்டத்தில் உருவான சேனாநாயக்க சமுத்திரம் என்ற பெரிய குளம், அதைச் சுற்றிக் காடும் குன்றும் என்று, நீங்கள் கேட்ட காட்சி முழுமையாகக் கிடைப்பது அங்கேதான். போகும் வழியில் கொண்டவட்டுவான் குளத்தருகே யானை வீதியைக் கடக்கும், ஆகவே அந்தத் துண்டில் ஓடாமல் வாகனத்தில் தாண்டுங்கள். அணைக்கட்டில் கால் வைக்குமுன் காவலில் இருப்பவரிடம் அனுமதி கேளுங்கள். குடியிருப்புப் பக்கத்து ஏறி இறங்கும் வீதியில் 40 நிமிடம் ஓடினால் போதும். 1954இல் தேசிய பூங்காவாக்கிய காட்டுக்குள் நுழையும் பாதைகளில் ஓடக் கூடாது.

மட்டமான ஊரில் பழகியவர் மலையோட்டத்தில் தோற்பது பெரும்பாலும் இறக்கத்தில்தான். இறங்கும்போது தொடைத்தசை நீண்டுகொண்டே உடலைத் தாங்குவதால், பழகாத தசையில் நுண்ணிய சிதைவு ஏற்பட்டு இரண்டாம் நாள் நோவு உச்சத்துக்கு வரும். அதற்காகத்தான் இங்கினியாகலைக்கு இரண்டு தடவை. முதலாவது ஐந்தாம் கிழமை, இரண்டாவது போட்டிக்கு 14 நாள் முன்பு, அதற்குப் பின் வேண்டாம். இறங்கும்போது குறுகிய, விரைவான அடி வையுங்கள். கால் உடலுக்கு முன்னால் தூரத்தில் விழுந்தால் ஒவ்வொரு அடியும் பிறேக்தான். வீட்டில் ஒரு படியில் நின்று, ஒற்றைக்காலில் மூன்று எண்ணி மெதுவாக இறங்குங்கள். ஒவ்வொரு காலுக்கும் 10 தடவை, மூன்று சுற்று, கிழமைக்கு இரண்டு நாள்.

தண்ணீர்: ஒரு நாள் ஓடுமுன்னும் பின்னும் உடல் எடை பாருங்கள். குறைந்த ஒரு கிலோவுக்கு ஏறக்குறைய ஒரு லீற்றர் வியர்வை போயிருக்கும். ஒரு மணிக்கு மேல் ஓடும் நாளில் ஒரு லீற்றர் நீரில் ஒரு பைக்கற் ஜீவனி (உடலின் நீரிழப்பை ஈடுசெய்யும் உப்புத்தூள்) கரைத்து, 15 நிமிடத்துக்கொரு தடவை நாலைந்து மிடறு குடியுங்கள். செவ்விளநீர் நல்லதுதான், ஆனால் அதில் உப்பு குறைவு. வியர்வையில் நீரோடு சேர்ந்து போவதோ பெரும்பாலும் உப்பு.

கட்டாக்காலி நாய் துரத்தினால் ஓடாமல் நின்று, முகம் காட்டி மெதுவாகப் பின்வாங்குங்கள். கடித்தால் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே வைத்தியசாலைக்குப் போகவேண்டும்.

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,800 மீற்றருக்கு மேல். கடலோரத்தில் வாழும் உங்களுக்கு முதல் கிலோமீற்றரிலேயே மூச்சு இறுகும். இரண்டு மூன்று நாள் முன்பே போவதால் உடல் அந்த உயரத்துக்குப் பழகிவிடாது, போட்டிக்கு முந்திய நாள் மாலை போய்ச் சேர்ந்தால் போதும். முதல் 3 கிலோமீற்றரைக் கல்லடியில் ஓடும் வேகத்தைவிடக் கிலோமீற்றருக்கு ஒரு நிமிடம் மெதுவாக ஓடுங்கள், செங்குத்தான ஏற்றங்களில் நடக்கத் தயங்கவேண்டாம். காலைக் குளிருக்குக் கழற்றி எறியக்கூடிய பழைய சேட் ஒன்றும் எடுத்துப்போங்கள்.