எண்ணிக்கை ஒன்று, பூ இரண்டு

அன்புள்ள ஐயா,

தருமபுரி மாவட்டத்துச் சிட்லிங்கியில் லம்பாடிப் பெண்கள் பூத்தையல் போட்ட தலையணை உறைகள் இரண்டு வாங்கினேன். ஒன்றில் பூக்கள் சதுரமாகவும் மற்றொன்றில் சற்று நீண்டும் இருக்கின்றன. கேட்டால், கைவேலை அப்படித்தான் இருக்கும் என்கிறார்கள். குறையை அழகென்று ஏற்பது நம்மை நாமே சமாதானப்படுத்திக்கொள்வது ஆகாதா? நானும் பூத்தையல் கற்றுவருகிறேன். கோணலாக வந்ததைப் பிரித்துப் பிரித்துத் துணியே நைந்துவிட்டது.

க., கிருஷ்ணகிரி

அன்புள்ள க. அவர்களுக்கு,

உங்கள் கேள்வி நியாயமானது. கைவேலை என்பதற்காக எதையும் மன்னித்துவிடுவது அந்தப் பெண்களுக்குச் செய்யும் மரியாதை அல்ல. ஆனால் நீங்கள் கண்டது குறைதானா என்பதை முதலில் பார்த்துவிடலாம்.

லம்பாடித் தையலில் பல கோலங்களைத் துணியில் வரைந்துகொண்டு போடுவதில்லை. நீளவாக்கில் ஓடும் பாவு நூலையும் குறுக்கே ஓடும் ஊடை நூலையும் எண்ணி எண்ணியே ஊசியை இறக்குகிறார்கள். கைத்தறியில் பாவு நூல்கள் சீப்புப் போன்ற அச்சில் கோத்தபடி ஏறத்தாழ ஒரே நெருக்கத்தில் நிற்க, ஊடையின் நெருக்கமோ நெய்பவர் அடிக்கும் அழுத்தத்துக்கு ஏற்ப மாறுவதால், ஒரே எண்ணிக்கையில் போட்ட பூ ஓரிடத்தில் குறுகியும் வேறோரிடத்தில் நீண்டும் விழுகிறது. உங்கள் உறைகளில் இரண்டு பூக்களின் தையல்களையும் எண்ணிப் பாருங்கள். எண்ணிக்கை ஒத்திருந்தால் தைத்தவரின் கை பிசகவில்லை. பூ நீண்டிருப்பது துணியை நெய்தவரின் கையால் வந்தது. அதைக் குறை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

தருமபுரிப் பட்டுக்கூடு அங்காடியை அறிந்தவர்களுக்கு இன்னொன்றும் தெரிந்திருக்கும். இரண்டு புழுக்கள் சேர்ந்து கட்டிய இரட்டைக் கூட்டிலிருந்து சீரான இழை வராது என்று அதைத் தனியே கழித்துவிடுவார்கள். அந்தக் கூட்டிலிருந்து தடிப்பும் மெலிவுமாக வரும் நூலில் நெய்வதுதான் பலரும் விரும்பி வாங்கும் டூப்பியன் பட்டு.

கண்டிப்பு காட்ட வேண்டிய இடம் இந்தத் தையலில் பதிக்கும் கண்ணாடி. அந்தச் சிறு வில்லையில் துளை கிடையாது. அதன் மேல் குறுக்கும் நெடுக்குமாக நூலை இழுத்துச் சட்டம் போல் கட்டி, அந்தச் சட்டத்தைப் பற்றிக்கொண்டே சுற்றிலும் தைக்கிறார்கள். அடிச்சட்டம் தளர்ந்திருந்தால் மேல்தையல் எத்தனை அழகாக இருந்தாலும் நாலு துவைப்பில் கண்ணாடி உதிர்ந்துவிடும். இது குறை, இதைப் பிரித்துத்தான் ஆக வேண்டும்.

சிட்லிங்கியின் தாண்டாக்களில், அதாவது லம்பாடிக் குடியிருப்புகளில், ஏறக்குறைய மறைந்தே போயிருந்த இத்தையலை மூத்த பெண்களிடமிருந்து இளையவர்கள் மீண்டும் கற்று, 2006-இல் போர்கை என்ற சங்கமாகச் சேர்ந்தார்கள். பூ நீண்டுவிட்டது என்று நாம் விலையைக் குறைத்துக் கேட்டால், குறைவது அவர்களுடைய கூலிதான். ஆகவே அந்த உறையைத் திருப்பிக் கொடுக்காதீர்கள்.

உங்கள் தையலிலும் எண்ணிக்கை பிசகிய இடத்தை மட்டும் பிரியுங்கள். எண்ணிக்கை சரியாக இருந்தும் கோணியிருந்தால் அப்படியே விட்டுவிட்டு அடுத்த பூவுக்குப் போங்கள். அதற்குமேல் பிரித்தால் ஊசித் துளைகள் பெரிதாகி, அடுத்து எண்ணுவதற்கு இழையே கண்ணுக்குப் பிடிபடாது.