ஃபுட்டி ரசிகர்கள் ஏன் எந்நேரமும் அம்பயரோடும் விதிகளோடும் மல்லுக்கட்டுகிறார்கள்?

கேள்வி: ஆஸ்திரேலியர்கள் முட்டை வடிவப் பந்தால் ஆடும் கால்பந்தான ஃபுட்டியில், குறிப்பாக அதன் பெரிய லீகான ஏஎஃப்எல்லில், ஆட்டத்தைவிட அம்பயர் தீர்ப்பையும் விதி மாற்றத்தையும் பற்றிய சண்டைதான் பெரிதாக இருக்கிறதே, ஏன்? அம்பயர்கள் அவ்வளவு மோசமா?

மெல்போர்னுக்கு வந்த புதிதில் அலுவலக நண்பர் ஒருவர் என்னை எம்சிஜிக்குக் கூட்டிப்போனார். எனக்கு அது கிரிக்கெட் மைதானமாக மட்டும்தான் தெரியும். ஆட்டம் தொடங்கி ஐந்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. முன் வரிசையில் பேரனை மடியில் வைத்துக்கொண்டு சாந்தமாக மீட் பை தின்றுகொண்டிருந்த பாட்டி விருட்டென்று எழுந்து "பாஆஆல்!" என்று ஒரு சத்தம் போட்டார் பாருங்கள், எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் மட்டுமில்லை, மைதானத்தில் பாதிப் பேர் அதையேதான் கத்தினார்கள். பந்து கீழே இருந்தது, அதன்மேல் நாலு பேர் கிடந்தார்கள்.

"என்ன ஆச்சு?" என்றேன்.

"ஹோல்டிங் த பால்."

"அம்பயர் கொடுத்தாரா?"

"இல்லை."

"கொடுத்திருக்கணுமா?"

நண்பர் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "அவங்க டீமா இருந்தா கொடுக்கணும். நம்ம டீமா இருந்தா கூடாது."

உங்கள் கேள்விக்கு முக்கால்வாசிப் பதில் அதிலேயே இருக்கிறது. மீதியை நான் சொல்கிறேன்.

கிரிக்கெட்டில் எல்பிடபிள்யூவை வைத்து நாம் எவ்வளவு சண்டை போட்டிருக்கிறோம்? ஆனால் அங்கேகூடக் கடைசியில் கேள்வி ஒன்றுதான்: பந்து ஸ்டம்பில் பட்டிருக்குமா, படாதா. ஃபுட்டியின் ஹோல்டிங் த பால் அப்படிப்பட்டதில்லை. பந்தோடு இருப்பவரை எதிராளி கட்டிப்பிடித்துவிட்டால், அம்பயர் ஒரு நொடிக்குள் இத்தனையையும் தீர்மானிக்க வேண்டும்: பிடிபடுவதற்கு முன் பந்தை வெளியேற்ற இவருக்கு வாய்ப்பு இருந்ததா? இருந்தது என்றால் பிடிபட்டதும் ஒழுங்காக உதைத்தோ முஷ்டியால் குத்தியோ பந்தை விட்டாரா? வாய்ப்பு இல்லை என்றால், விட உண்மையிலேயே முயன்றாரா, முயல்வதுபோல நடித்தாரா? பந்து தானாக நழுவியதா, இவர் நழுவவிட்டாரா? அதற்கு எவ்வளவு நேரம் கொடுப்பது நியாயம்?

இதில் எது கண்ணுக்குத் தெரியும் சமாச்சாரம்? பாதிக்கு மேல் அந்த ஆட்டக்காரரின் மனசுக்குள் நடப்பது. அதைத்தான் ஊதலை வாயில் வைத்துக்கொண்டு ஓடும் ஒரு மனிதர் படித்துச் சொல்ல வேண்டும். சுற்றிலும் முப்பத்தாறு பேர், ஆஃப்சைடு கிடையாது, யார் எந்தப் பக்கத்திலிருந்து வந்து மோதுவார் என்று சொல்ல முடியாது. அம்பயர்களில் பலருக்கு வார நாட்களில் வேறு வேலை இருக்கிறது.

சண்டை முழுக்க அங்கிருந்துதான் கிளம்புகிறது என்பது என் கட்சி. நோக்கத்தைத் தேடச் சொல்லும் விதி எத்தனை இருக்கிறதோ அத்தனை சண்டை இருக்கும். லீக் ஒரு விதியைக் கண்ணால் பார்க்கக்கூடியதாக மாற்றினால் முதல் வருஷம் ஊரே கூச்சல் போடும், மூன்றாம் வருஷம் மறந்துவிடும். மனசைப் படிக்கச் சொல்லும் விதி முப்பது வருஷம் ஆனாலும் அடங்காது.

பழைய உதாரணம் ஒன்று. உதைத்த பந்து தரையில் படாமல் நேராக எல்லைக்கோட்டைத் தாண்டினால் எதிரணிக்கு ஃப்ரீ கிக் என்று 1969இல் கொண்டுவந்தார்கள். பட்டதா, படவில்லையா, அவ்வளவுதான். இன்றைக்கு அதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. ஆனால் ஒருவர் வேண்டுமென்றே பந்தை வெளியே தள்ளினாரா என்பதற்கு இன்னொரு விதி இருந்ததே, அது வேறு கதை. "வேண்டுமென்றே" என்பதை யாராலும் நிரூபிக்க முடியாது என்று "பந்தை உள்ளே வைத்திருக்கப் போதிய எண்ணம் இல்லை" என்று சொல்லை மாற்றினார்கள். சொல் மாறியதே தவிர அம்பயர் வேலை அதேதான். அழுத்தத்தில் காலைத் தூக்கி அடித்த உதை முப்பது மீட்டர் தள்ளி உருண்டு வெளியே போனால், அது பதற்றமா தந்திரமா என்று அவர் கண்டுபிடிக்க வேண்டும்.

2026 சீசனில் லீக் கடைசியாக இதற்கு ஒரு வழி பண்ணியது. இரண்டு பக்கமும் கோலிலிருந்து ஐம்பது மீட்டரில் போட்டிருக்கும் வளைகோடுகளுக்கு நடுவே, உதைத்த பந்தோ கையால் குத்திய பந்தோ வேறு யார்மேலும் படாமல் வெளியே போனால், கடைசியாக விட்ட அணிக்கு எதிராக ஃப்ரீ கிக். எண்ணம் கிண்ணம் எதுவும் பார்க்க வேண்டாம். தெற்கு ஆஸ்திரேலிய லீகில் 2016இலிருந்தே இதைப் போல ஒன்று இருக்கிறது, அங்கே வானம் இடிந்து விழவில்லை. ஆனால் அறிவிப்பு வந்த வாரம் எங்கள் தெருவே துக்க வீடு போல இருந்தது.

என் பக்கத்து வீட்டுப் பெரியவர் காலிங்வுட் ரசிகர், எழுபதைத் தாண்டியவர். வேலிக்கு மேலே கையை ஊன்றிக்கொண்டு, "மேட், இனிமே இது பாஸ்கெட்பால்தான்" என்றார். அவரிடம் ஒரு குணம் உண்டு. எந்த விதி மாற்றத்தைப் பற்றிப் பேசினாலும் சுற்றிச் சுற்றி 2018 இறுதிப்போட்டிக்கு வந்துவிடுவார். வெஸ்ட் கோஸ்ட் அணியின் டொம் ஷீட் கடைசி இரண்டு நிமிஷத்துக்குள் எல்லைக்கோட்டு ஓரத்திலிருந்து அடித்த கோல். ஐந்து பாயிண்டில் காலிங்வுட் தோற்றது. அந்தப் பந்தைப் பிடிக்கும்போது எங்கள் ஆளைக் குறுக்கே மறித்தார்கள், அம்பயர் பார்த்தும் விட்டுவிட்டார் என்பது அவர் வழக்கு. நானும் அந்தக் காட்சியை அவர் போனில் பத்துத் தடவையாவது பார்த்திருப்பேன். மறித்ததுபோலவும் இருக்கும், அவரவர் ஓடிய வழியில் மோதிக்கொண்டதுபோலவும் இருக்கும். இதை அவரிடம் சொல்லும் தைரியம் எனக்கு இன்னும் வரவில்லை.

சரி, டெக்னாலஜி வந்தால் எல்லாம் தீர்ந்துவிடாதா என்று கேட்பீர்கள். 2009 இறுதிப்போட்டியில் ஜீலாங்கின் டாம் ஹாக்கின்ஸ் அடித்த பந்து கம்பத்தில் உரசிப் போனது. கோலுக்கு ஆறு பாயிண்ட், கம்பத்தில் பட்டால் ஒன்றுதான். கோல் அம்பயர் ஆறு கொடுத்துவிட்டார். செயின்ட் கில்டா பன்னிரண்டு பாயிண்டில் தோற்றது. 1966இல் ஒரே ஒரு கோப்பை வாங்கிய அணி அது, அந்த ரசிகர்களுக்கு எப்படி இருந்திருக்கும்? அந்த மாதிரித் தப்புகளுக்காக 2012இல் வீடியோ மறுபரிசீலனையைக் கொண்டுவந்தார்கள்.

பிறகு 2023 ஆகஸ்டில் அடிலெய்டில் என்ன நடந்தது தெரியுமா? சிட்னி அணிக்கு எதிராக ஒரு நிமிஷம் சொச்சம் மிச்சம் இருக்கும்போது அடிலெய்டின் பென் கீஸ் அடித்தார். பந்து கம்பத்தில் பட்டது என்று கோல் அம்பயர் முடிவு பண்ணிவிட்டார். படவே இல்லை. வீடியோ அறை இருந்தது, கேமரா இருந்தது, எல்லாம் இருந்தது. ஆனால் அம்பயருக்குச் சந்தேகம் வரவில்லை, அதனால் யாரும் வீடியோவைக் கேட்கவில்லை. ஒரு பாயிண்டில் அடிலெய்டு தோற்று, இறுதிச்சுற்று வாய்ப்பும் போயிற்று. மறுநாள் லீக் தலைமையே தப்பு என்று ஒத்துக்கொண்டது. என்ன பிரயோஜனம்? என்னுடன் வேலை பார்க்கும் அடிலெய்டுக்காரர் திங்கட்கிழமை யாரோடும் பேசவில்லை. செவ்வாய்க்கிழமை பேசினார், அதற்குப் பேசாமலே இருந்திருக்கலாம்.

இன்னொரு விஷயமும் சேர்ந்துகொள்கிறது. இந்த விளையாட்டுக்குத் தனியாக உலக அமைப்பு என்று எதுவும் கிடையாது, மற்ற நாட்டு அணியோடு ஆடும் வழக்கமும் இல்லை. போட்டி நடத்துவதும் விதி போடுவதும் அம்பயருக்குச் சம்பளம் கொடுப்பதும் டிவி உரிமை விற்பதும் ஒரே லீக். கோல் விழுந்தால் டிவியில் ஒரு விளம்பரம் ஓடும். ஆகவே ஆட்டத்தை வேகப்படுத்த, ஸ்கோரை ஏற்ற என்று எந்த மாற்றம் வந்தாலும், "டிவிக்காரனுக்காகப் பண்ணுகிறார்கள்" என்று ரசிகர் சொன்னால் முழுக்க மறுக்க முடியாது.

2021இல் 'ஸ்டாண்ட்' விதி வந்தது. ஒருவர் பந்தைப் பிடித்துவிட்டால் எதிரே மறித்து நிற்கும் எதிரணிக்காரர் சிலை மாதிரி நிற்க வேண்டும், பக்கவாட்டில் ஓரடி நகர்ந்தாலும் ஐம்பது மீட்டர் தண்டனை, அதாவது பந்து வைத்திருப்பவர் கோலை நோக்கி அவ்வளவு தூரம் முன்னே போகலாம். மைக்கில் அம்பயர் "ஸ்டாண்ட்! ஸ்டாண்ட்!" என்று கத்துவது வீட்டு ஹாலில் கேட்கும், கொஞ்ச நாள் என் பையன் நாயைக்கூட அப்படித்தான் நிறுத்தினான். ஸ்கோர் பெரிதாக ஏறினதாகத் தெரியவில்லை. அடுத்த வருஷம், அம்பயரின் தீர்ப்பைப் பார்த்து ஆட்டக்காரர் கையை விரித்தாலே ஐம்பது மீட்டர் என்றார்கள். 2024இல் சீசன் நடுவிலேயே ஹோல்டிங் த பாலுக்குக் கொடுக்கும் அவகாசத்தைக் குறைக்கச் சொன்னார்கள். ஏப்ரலில் சரியாக இருந்தது ஜூனில் தப்பாகிவிட்டது. ரசிகர் கோபப்படாமல் என்ன செய்வார்? எனக்கு இதில் லீக்மேல்தான் எரிச்சல், அம்பயர்மேல் இல்லை.

ஆனால் விதி மாற்றமே பாவம் என்று பேசுவதும் ஏற்கக்கூடியதில்லை. 1859இல் மெல்போர்ன் கிளப்பைச் சேர்ந்த நாலைந்து பேர் ஒரு மதுக்கடையில் உட்கார்ந்து பத்தே பத்து விதி எழுதிய ஆட்டம் இது. அன்றிலிருந்து மாற்றிக்கொண்டேதான் இருக்கிறார்கள். ஆட்டக்காரர் வெளியே போய்த் திரும்பி வரலாம் என்பதே 1978இல்தான் வந்தது. களத்தில் ஒரே ஒரு அம்பயர் இருந்த காலம் 1975 வரை. இப்போது நாலு பேர். அந்தக் காலத்து ஆட்டம் என்று பெரியவர்கள் உருகுவது அவரவர் பதினைந்து வயதில் பார்த்த ஆட்டத்தை.

எனக்கே மனசு ஒப்பாத மாற்றம் ஒன்று உண்டு. ஆட்டத்தைத் தொடங்க நடுவட்டத்தில் அம்பயர் பந்தை இரண்டு கையாலும் தரையில் ஓங்கி அறைந்து செங்குத்தாக எழுப்பும் பவுன்ஸ். 2013இல் மற்ற இடங்களில் அதை நிறுத்திவிட்டார்கள், 2026இல் நடுவட்டத்திலும் நிறுத்தி, மேலே தூக்கிப் போடச் சொல்லிவிட்டார்கள். காரணம் நியாயமானது: முட்டை வடிவப் பந்து நேராக எழும்பாது, கோணிக்கொண்டு போகும், தீர்ப்பில் கெட்டிக்காரர்களாக இருந்தும் பவுன்ஸ் வராததாலேயே மேலே வர முடியாமல் போனவர்கள் உண்டு. புத்திக்குப் புரிகிறது. ஆனால் இறுதிப்போட்டியில் அந்தப் பந்து தரையில் அறையும் நொடியில் லட்சம் பேர் எழுப்பும் சத்தம் இருக்கிறதே, அதைத் தூக்கிப்போடும் பந்துக்கு எழுப்ப முடியுமா?

இன்னொரு வேடிக்கை. ஆறு மாதம் இதே அம்பயர்களைக் குருடன் என்று திட்டும் ஊர், செப்டம்பரில் பிரவுன்லோ பதக்க இரவன்று டிவி முன் உட்காரும். சீசனின் சிறந்த ஆட்டக்காரரைத் தேர்ந்தெடுப்பது யார்? ஒவ்வொரு ஆட்டத்துக்கும் மூன்று, இரண்டு, ஒன்று என்று ஓட்டுப் போடும் அதே கள அம்பயர்கள்.

நான் இப்படி அம்பயர் பக்கம் சாய்வதற்குச் சொந்தக் காரணம் இருக்கிறது. பையன் உள்ளூர் கிளப்பில் பதின்மூன்று வயதுக்குட்பட்டோர் அணியில் ஆடினான். அங்கே பெற்றோர்தான் முறை வைத்துக் கோல் அம்பயராக நிற்க வேண்டும். ஒரு ஞாயிறு என் முறை. வெள்ளைக் கோட்டு, இரண்டு வெள்ளைக் கொடி, பையில் ஸ்கோர் எழுத ஒரு அட்டை. நடுவில் ஊதலோடு ஓடிய கள அம்பயர் பத்தாவது படிக்கும் பெண், பதினைந்து பதினாறு வயது இருக்கும். கோட்டுக்கு வெளியே நின்ற ஒரு அப்பா யாரை யார் கட்டிப்பிடித்தாலும் "பால்!" என்று அவளை நோக்கிக் கத்திக்கொண்டே இருந்தார். மூன்றாவது குவார்ட்டரில் அவள் கண் கலங்கியிருந்ததை நான் கோல் கம்பத்தடியிலிருந்தே பார்த்தேன். 2022இல் நாடு முழுக்க ஆறாயிரம் அம்பயர்கள் குறைவு என்று லீக் சொன்னபோது எனக்கு ஆச்சரியமே வரவில்லை. அடுத்த வாரம் அந்தப் பெண் வரவில்லை.

அந்த ஞாயிறு ஆட்டத்தின் கடைசி குவார்ட்டரில் எங்கள் அணி நாலு பாயிண்ட் பின்னால். பையனின் நண்பன் ஒருவன் சாய்வாக உதைத்தான். பந்து வலது கம்பத்தை ஒட்டி வந்தது. நான் கோட்டில்தான் நின்றேன், கண்ணை மூடவில்லை. மெல்லியதாக ஒரு 'டக்' கேட்டதுபோல இருந்தது. அந்தப் பெண் என்னைப் பார்த்து "ஆல் கிளியர்" என்றாள், அதாவது தீர்ப்பை நான் காட்டலாம். கம்பத்தைத் தட்டிக் காட்டிவிட்டு, ஒரு விரலை நீட்டினேன். ஒற்றைக் கொடி. ஒரு பாயிண்ட். மூன்று பாயிண்டில் தோற்றோம்.

காரில் பையன் ரொம்ப நேரம் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தான். வீட்டுக்குத் திரும்பும் முனையில் கேட்டான்.

"அப்பா, நிஜமா கம்பத்துல பட்டுச்சா?"

"பட்டுச்சுடா."

"எனக்குச் சத்தமே கேட்கலையே."