எழுதிவைக்காத தயவு

அன்புள்ள ஐயா,

காவலர் தன் விருப்பப்படி முடிவெடுப்பதற்குக் கடிவாளம் வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். போன வருடம் என் மகன் கல்லூரிச் சண்டை ஒன்றில் மாட்டிக்கொண்டான். எஸ்ஐ நல்ல மனிதர், கண்டித்து அனுப்பிவிட்டார். வழக்குப் போட்டிருந்தால் பாஸ்போர்ட்டுக்கு அலைந்திருப்பான். அப்படிப்பட்டவரின் கையையும் கட்டிப்போடச் சொல்கிறீர்களா?

ஒரு வாசகர், திண்டுக்கல்

அன்புள்ள நண்பருக்கு,

அந்த எஸ்ஐ செய்தது சரி என்றுதான் நானும் நினைக்கிறேன். எல்லாவற்றுக்கும் வழக்குப் போட்டால் எந்த ஊரும் தாங்காது. என் கவலை வேறு.

சில வருடங்களுக்கு முன் ஓர் இரவு, பக்கத்து வீட்டுப் பையனை ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போய்விட்டார்கள். அவன் அம்மா வந்து கதவைத் தட்டினார். சட்டையை மாற்றிக்கொண்டு போனேன். பெஞ்சில் இரண்டு பையன்கள், ஒரே பைக்கில் வந்தவர்கள். எனக்கு நாற்காலி போட்டார்கள். பத்து நிமிடப் பேச்சு. "சார் சொல்றதால விடறேன்" என்று எங்கள் பையனை அனுப்பிவைத்தார் ரைட்டர். மற்றவனுக்காக வர ஆளில்லை, அவன் அங்கேயே உட்கார்ந்திருந்தான். அவனுக்காகவும் நான் பேசியிருக்க வேண்டும். பேசாமல் வந்தது இன்றும் உறுத்துகிறது. இருவரையும் எதற்காகப் பிடித்தார்கள், ஒருவனை ஏன் விட்டார்கள் என்று எந்தத் தாளிலும் ஒரு வரி கிடையாது.

தயவும் எழுத்தில் வர வேண்டும் என்கிறேன். இது என் கண்டுபிடிப்பு இல்லை. 2014இல் அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இதுதான். ஏழு ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றமென்றால், கைது ஏன் அவசியம் என்று போலீஸ் காரணம் எழுதி மாஜிஸ்திரேட்டிடம் கொடுக்க வேண்டும். கைது தேவையில்லை என்று முடிவெடுத்தாலும், வழக்குப் பதிவான இரண்டு வாரத்துக்குள் அதை அவருக்குத் தெரிவிக்க வேண்டும். அவரும் காரணத்தைப் படித்து, தானே திருப்தியடைந்த பிறகுதான் காவலில் வைக்க அனுமதிக்கலாம்.

படிக்காமல் கையெழுத்துப் போட்டால் என்ன ஆகும் என்பதைச் சாத்தான்குளத்தில் பார்த்தோம். 2020 ஜூன் 19 அன்று செல்போன் கடை வைத்திருந்த அப்பாவை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனார்கள், அவரைத் தேடிப் போன மகனையும் பிடித்துவைத்தார்கள். ஊரடங்கு மீறல், அரசு ஊழியரைத் தடுத்தது என்று வழக்கு. ஏழு ஆண்டைத் தாண்டும் பிரிவு ஒன்றுகூட அதில் இல்லை. ஆனாலும் மறுநாளே மாஜிஸ்திரேட் இருவரையும் ரிமாண்ட் செய்து சிறைக்கு அனுப்பினார். 22, 23 தேதிகளில் இருவரும் இறந்துபோனார்கள். அப்புறம் விசாரிக்கப் போன வேறொரு மாஜிஸ்திரேட், ஸ்டேஷன் கேமரா பதிவுகள் தினமும் தானாக அழியும்படி வைக்கப்பட்டிருந்ததைக் கண்டார். அதே டிசம்பரில், எல்லாக் காவல் நிலையங்களிலும் கேமரா வேண்டும், பதிவைக் குறைந்தது ஓராண்டாவது வைத்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் இன்னொரு வழக்கில் உத்தரவிட்டது. கேமரா நல்லதுதான். ஆனால் ரிமாண்ட் கேட்டு வந்த அன்று, எதிரே நிற்கும் ஆளை ஏறிட்டுப் பார்த்து "அடித்தார்களா?" என்று ஒரு கேள்வி கேட்கும் மாஜிஸ்திரேட்டைத்தான் நான் பெரிதும் நம்புகிறேன். அந்த நேரத்தில் உயிர் இன்னும் கையில் இருக்கிறது.

உங்கள் மகன் விஷயத்துக்கு வருகிறேன். "முதல் தடவை, காயம் லேசானது, இரு தரப்பும் சமாதானம்" என்று அந்த எஸ்ஐ நாலு வரி எழுதிவைத்திருந்தால் அவருக்கு ஒரு குறையும் வந்திருக்காது. அடுத்த வாரம் அதே மாதிரிச் சண்டையில் சிக்கி, அப்பா கூலிவேலைக்குப் போயிருக்கிற ஒரு பையனுக்காக வழக்கறிஞர் அந்த வரிகளைக் காட்டிக் கேட்கலாம்: "அவனை விட்டீர்களே, இவனை ஏன் விடவில்லை?"

அன்புடன்.